ஏணியைப் பிடிப்பது யார்? - ஒரு சிறு வரலாறு

"ஏணி வைத்தாலும் எட்டாது" என்கிறோம். "ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்காதே" என்கிறோம். பேச்சில் இவ்வளவு இடம் பிடித்துவிட்ட ஏணிக்கு நம் வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரிகூட கிடையாது. கோபுரத்தைக் கட்டிய மன்னன் பெயரைத் தேர்வில் கேட்பார்கள். அந்தக் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தவர் எதில் ஏறினார், அது சரியாமல் இருக்க யார் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஏணி சரியாமல் நிற்பது அதை மரத்தால் செய்தோமா, இரும்பால் செய்தோமா என்பதை மட்டும் பொறுத்ததல்ல. மேலே கட்டியிருக்கிறார்களா, கீழே ஆள் நிற்கிறாரா என்பதையும் பொறுத்தது. எனவே ஏணியின் வரலாறு என்பது ஒருவகையில் பொறுப்பின் வரலாறு. ஒவ்வொரு காலத்திலும் ஏறுகிறவர் உயிருக்குப் பொறுப்பு ஏற்றவர் யார்? இந்த ஒரு கேள்வியோடு பழங்காலத்தில் இருந்து நம் காரைக்கால் பக்கம் வரை ஒரு நடை நடந்து வருவோம்.

மால்பு என்னும் தேன் ஏணி

மனிதன் முதலில் ஏணி கட்டியது வீட்டுக்கு வெள்ளையடிக்க அல்ல, தேனுக்காகத்தான் இருக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டில் பிகோர்ப் என்ற ஊருக்கு அருகில் உள்ள குகையில் பல ஆயிரம் ஆண்டுப் பழமையான ஓவியம் ஒன்று இருக்கிறது. கொடியோ கயிறோ போன்ற ஒன்றைப் பிடித்து ஏறி ஒருவர் தேன் எடுக்க, சுற்றிலும் தேனீக்கள் பறக்கின்றன.

நம் சங்க இலக்கியத்திலும் இதே காட்சி உண்டு. மலைபடுகடாம், புறநானூறு ஆகியவற்றில் "மால்பு" என்ற சொல் வருகிறது. உரைகாரர்கள் இதற்குக் "கண்ணேணி" என்று பொருள் சொல்கிறார்கள். கண் என்றால் இங்கே கணு. மூங்கிலின் கணுவையே படியாக வைத்து ஏறும் ஏணி அது. இரண்டு பக்கக் கட்டை, நடுவில் பல படி என்ற இன்றைய உருவம் அதற்கு இல்லை. ஒற்றை மூங்கில்தான்!

குரங்குகூட ஏறத் தயங்கும் செங்குத்துப் பாறையில் அதைச் சார்த்தி ஏறினார்கள் என்றால், அதை அசையாமல் நிறுத்தும் வித்தையும் தெரிந்திருக்கத்தான் வேண்டும். அந்த வித்தை என்ன? பிற்காலப் பதிவு ஒன்று கொஞ்சம் வெளிச்சம் தருகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அதில் ஆனைமலைக் காடர்கள் பாறைத் தேன் எடுப்பதை விவரிக்கிறார். பாறை உச்சியிலிருந்து பிரம்பு அல்லது மூங்கில் ஏணியைத் தொங்கவிட்டு, இரவில் பந்தத்தோடு ஆள் இறங்குவார். உச்சியில் ஏணி கட்டிய இடத்தைக் காவல் காப்பவர் அவருடைய மனைவி அல்லது மகன்.

வேறு சில மலைக்குடிகளில் மனைவியின் உடன்பிறந்தான்தான் கயிற்றைக் காக்க வேண்டும் என்பது வழக்கம். காரணம் எளிமையானது. தன் அக்கா தங்கையை விதவையாக்க எந்த மைத்துனனும் துணிய மாட்டான்! முடிச்சு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஏறியவர் விழுந்தால் தனக்கும் இழப்பு என்று இருக்கும் ஒருவரை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். பாதுகாப்பு விதி என்றால் இதைவிடக் கூர்மையான விதி வேறு எது?

தொல்காப்பியத்திலும் ஏணி உண்டு. ஆனால் அது போர் ஏணி. கோட்டையை முற்றுகையிடும் உழிஞைத் திணையில், மதில்மேல் சார்த்திய ஏணியில் நின்று இரு தரப்பும் மோதுவது ஒரு துறை. அங்கே ஏணியின் உச்சியில் இருப்பவன் எதிரி. அவன் வேலையே ஏணியைத் தள்ளிவிடுவதுதான். ஏணி விஷயத்தில் மேலே நிற்பவர் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலும் தெரிகிறது.

ஏணி போதாத இடத்தில் சாரம்

ஓரளவு உயரத்துக்கு மேல் ஏணி பயன்படாது. அப்போது வருவது சாரம். தஞ்சைப் பெரிய கோயில் 1010-ல் குடமுழுக்குக் கண்டது. விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. இதற்குச் சாரம் தொடங்கிய இடம்தான் தஞ்சைக்குப் பக்கத்தில் உள்ள சாரப்பள்ளம் என்ற ஊர் என்பது செவிவழிக் கதை. உச்சிக் கல் 80 டன், ஒரே கல், அதைச் சாய்தளத்தில் இழுத்துப்போனார்கள் என்றும் சொல்வார்கள். அது ஒரே கல் அல்ல, பல துண்டுகளைச் சேர்த்தது என்பது ஆய்வாளர்கள் கருத்து. கதை எப்படியோ போகட்டும்... ஒரு ஊரின் பெயரிலேயே சாரம் என்ற சொல் உட்கார்ந்துவிட்டது.

கட்டி முடித்தபிறகும் சாரம் ஓய்வதில்லை. கோயிலுக்கு 12 ஆண்டுக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்ய வேண்டும் என்பது மரபு. முதலில் பாலாலயம். பிறகு கோபுரத்தைச் சுற்றிச் சாரம். அதன்பின் சுதை வேலை, வர்ணம். கடைசியில் சாரம் பிரிப்பு. அதாவது "பராமரிப்பு" என்பதை நம்மவர்கள் சடங்கோடு சேர்த்துக் காலண்டரில் போட்டுவிட்டார்கள். திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலுக்கு 2019 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் நடந்தது நினைவிருக்கும்.

கோயில் மட்டுமல்ல. காரைக்காலுக்குத் தெற்கே வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். அங்கே தர்காவின் பெரிய மனோரா 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் (ஆட்சிக்காலம் 1739-1763) கட்டிக் கொடுத்தது. கந்தூரி வருகிறது என்றால் மனோராக்களுக்கு வெள்ளையடிக்க வேண்டும், பாய்மரம் ஏற்ற வேண்டும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடில்லாமல் இந்தக் கடற்கரையில் எல்லாத் திருவிழாவுக்கும் முன்னால் யாரோ ஒருவர் உயரத்தில் ஏறியிருக்கிறார்.

இந்தச் சாரத்தில் ஆணி கிடையாது, போல்ட்டும் கிடையாது. கட்டைக்குக் கட்டை கயிறுதான். அதனால்தான் "சாரம் அடித்தார்கள்" என்று சொல்வதைவிடச் "சாரம் கட்டினார்கள்" என்று சொல்வது நம் பக்கத்தில் அதிகம். சாரம் கட்டுகிறவர் ஒரு தனித் தொழில்காரர். கட்டியவரே கட்டும்போது அதன்மேல் ஏறி நிற்கிறார். ஒரு முடிச்சு தளர்ந்தால் முதலில் விழப்போவது அவர்தான். காடர் வழக்கத்தில் மனைவியும் மகனும் செய்த வேலையை இங்கே கட்டியவரின் சொந்த உயிர் செய்கிறது என்று சொல்லலாம்.

சவுக்கு எப்போது வந்தது?

சாரம் என்றாலே நமக்குச் சவுக்குக் கட்டைதான் கண்ணில் தெரியும். இது ராஜராஜன் காலத்து மரம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். சவுக்கு வெளியிலிருந்து வந்த மரம். சோழமண்டலக் கடற்கரையில் பெரிய தோப்புகளாக வளர்க்கப்பட்டது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அதுவும் சாரத்துக்காக அல்ல, ரயில் எஞ்சினுக்கும் நகரத்து அடுப்புக்கும் விறகாக! நேராக, நீளமாக, மலிவாகக் கிடைத்ததால் கட்டிட வேலைக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முன் மூங்கிலும் மற்ற உள்ளூர் மரங்களும்தான். ஆயிரம் ஆண்டு மரபு என்று நாம் நினைப்பதில் மரம் புதியது. கட்டும் கை மட்டும்தான் பழையது.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

சரி, ஏறியவர் விழுந்துவிட்டால்? இங்கேதான் சட்டத்தின் கதை தொடங்குகிறது. காரைக்காலுக்கு இதில் தனி வரலாறு உண்டு.

1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. பிரான்சில் 1898 ஏப்ரல் 9-ல் ஒரு முக்கியமான சட்டம் வந்தது. வேலையில் விபத்து நடந்தால், முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. விபத்து நடந்தாலே நஷ்டஈடு உண்டு. அந்தச் சட்டம் முதலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட தொழில் எது தெரியுமா? கட்டிடத் தொழில்! ஆனால் அது பிரான்சு மண்ணுக்காக எழுதிய சட்டம். பிரெஞ்சிந்தியாவில் தொழிலாளர் சட்டம் என்று பெரிய அளவில் வந்தது 1937 ஏப்ரல் 6-ல்தான். அதுவும் சும்மா வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிர் கொடுத்த பிறகு வந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம், நாகூரும் தஞ்சையும் இருந்த பிரிட்டிஷ் இந்தியாவில், 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்து 1924 ஜூலையில் அமலானது. இது நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. "தற்செயலாக, முதலாளியின் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ அல்லாமல் வேலைக்கு வைக்கப்பட்டவர்" தொழிலாளி அல்ல என்று அதன் விளக்கப் பிரிவு சொன்னது. சட்ட மொழி கொஞ்சம் சுற்றி வளைக்கும். எளிமையாகச் சொன்னால், நீங்கள் பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஒருவரைக் கூப்பிடுகிறீர்கள். அவர் ஏணியிலிருந்து விழுகிறார். அவர் சட்டப்படி "தொழிலாளி" இல்லை!

இந்த விலக்கு நீக்கப்பட்டது 2000-ல். 77 ஆண்டுகள் ஆயின.

இதற்கிடையில் 1996-ல் கட்டிடத் தொழிலாளருக்கென்றே மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. புதுக் கட்டிடம் மட்டுமல்ல, பழுதுபார்ப்பும் பராமரிப்பும்கூட அதில் அடங்கும். ஏணிக்கும் சாரத்துக்கும் தனி விதிகளே உண்டு. ஆனால் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 1923 சட்டமும் 1996 சட்டமும் அவற்றுக்குள் போய்விட்டன. பாதுகாப்புத் தொகுப்பிலும் பத்துப் பேர் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. 50 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொந்த வீட்டு வேலைக்கும் விலக்கு இருக்கிறது.

எங்கள் அம்பகரத்தூரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருநள்ளாற்றுக்கு மேற்கே, பத்ரகாளியம்மன் கோயிலால் பேர்பெற்ற சிறிய ஊர். இங்கே ஒரு வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் பத்துப் பேரா வருவார்கள்? ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பல நேரம் அந்த ஒருவர்தான் இரண்டும். ஊரில் நடக்கும் ஏணி வேலையில் பெரும்பகுதி பாதுகாப்பு விதிகளுக்கு வெளியேதான் நடக்கிறது. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியங்கள் இருக்கின்றன. பெயிண்டர்கள் அதில் பதிவு செய்துகொள்வது நல்லது. ஆனால் வாரியம் விழுந்த பிறகு உதவும். விழாமல் காக்க அது ஏணிக்கடியில் வந்து நிற்காது.

ஏணி ஏன் சரிகிறது?

விஞ்ஞானப் பாடத்தில் படித்த உராய்வு இங்கே பயன்படும். ஏணியின் எடையை விட்டுவிடுவோம், சுவர் வழுவழுப்பானது என்று வைத்துக்கொள்வோம். 12 அடி உயரத்தில் ஏணி சுவரைத் தொடுகிறது, கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் உச்சிக்கு ஏறினால், ஏணியின் காலை வெளிப்பக்கம் தள்ளும் விசை 15 கிலோ எடைக்குச் சமம். காலை 6 அடி தள்ளி வைத்தால் அதே ஆளுக்கு 30 கிலோ. இதைத் தாங்கிப் பிடிப்பது தரையின் உராய்வு மட்டுமே. மண் தரையில் கால் கொஞ்சம் புதையும், பிடிக்கும். ஈரமான டைல்ஸில்?

இன்னொரு விஷயம். பாதி ஏணி ஏறும்போது இந்த விசை பாதிதான். ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும். "நாலு படி ஏறிப் பார்த்தேன், ஆடவில்லை" என்று நம்புவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். ஏணி சரிவது பெரும்பாலும் உச்சியில்தான், விழும் உயரமும் அங்கேதான் அதிகம்.

இந்திய தர நிர்ணய அமைவனம் 1991-ல் வெளியிட்ட ஐ.எஸ். 3696 இரண்டாம் பகுதி முழுக்க முழுக்க ஏணி பற்றியது. அதிலும் நாலுக்கு ஒன்று என்ற இந்தச் சரிவுக் கணக்கு உண்டு. மாடியில் இறங்குவதற்கு ஏணி வைத்தால், இறங்கும் இடத்துக்கு மேல் ஒரு மீட்டராவது ஏணி நீண்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிரிட்டன் 2005-ல் உயர வேலைக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. ஏணியை ஆபத்து குறைந்த, சிறிது நேரத்தில் முடியும் வேலைக்கு மட்டும் பயன்படுத்து என்பது அதன் சாரம்.

மூங்கில் போய் அலுமினியம் வந்தது

மூங்கில் ஏணி கனமானது, பூச்சி அரிக்கும், வெடிக்கும். அலுமினிய ஏணி ஒரு கையால் தூக்கலாம். வசதிதான். ஆனால் காய்ந்த மூங்கிலுக்கு இருந்த ஒரு குணம் அதற்கு இல்லை. அலுமினியம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். நம் தெருக்களில் வீட்டு மாடியை ஒட்டியே மின்கம்பி போகிறது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சைக்குப் பக்கத்தில் களிமேட்டில் தேர் உயர் மின்னழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை மறக்க முடியாது. தேருக்கு நடந்தது ஏணிக்கும் நடக்கும். மூங்கில்கூட ஈரமாக இருந்தால் நம்ப முடியாது.

இன்னொன்றும் கூடவே போயிற்று. மூங்கில் ஏணி கொண்டுவந்தவர் கையில் ஒரு கயிறும் இருக்கும். அலுமினிய ஏணிக்கு அடியில் ரப்பர் வந்ததும், "அதான் ரப்பர் இருக்கே" என்று கயிறு காணாமல் போய்விட்டது. ஒரு பொருள் புதிதாக வரும்போது அதோடு பழைய பழக்கமும் போய்விடுகிறது. ரப்பர் தேய்ந்தபிறகு இரண்டுமே இல்லை.

வீட்டு ஏணிக்குச் சில வழக்கங்கள்

இதுவரை பார்த்ததில் இருந்து, ஜன்னல் துடைக்கவோ சுவருக்கு வர்ணம் அடிக்கவோ ஏணி வைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் காலைத் தள்ளி வையுங்கள். கால்விரல் ஏணியின் அடியைத் தொட நேராக நின்று கையை முன்னால் நீட்டினால், உள்ளங்கை படியைத் தொட வேண்டும். ஏறத்தாழ அதுதான் சரியான சரிவு.

2. மேலே கட்டுங்கள். படியில் அல்ல, இரண்டு பக்கக் கட்டையிலும். மழைநீர்க் குழாய், கேபிள் கம்பி, பழைய ஜன்னல் சட்டம் ஆகியவற்றில் கட்டக் கூடாது. கட்ட இடமே இல்லை என்றால், திறந்த வாசல் அல்லது ஜன்னலுக்கு உள்பக்கம், திறப்பைவிட நீளமான உறுதியான கட்டையைக் குறுக்கே வைத்து அதில் கட்டலாம்.

3. கட்டி முடிக்கும்வரை கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். பிடிப்பவர் செல்போன் பார்க்கக் கூடாது.

4. ஏணிக்கடியில் செங்கல், பலகைத் துண்டு, சாக்கு வைத்து உயரம் கூட்டக் கூடாது. கண்ணாடியில் சார்த்தக் கூடாது.

5. ஜன்னலின் மூலைக்கு எட்டவில்லையா? இறங்கி ஏணியை நகர்த்துங்கள். இடுப்பு பக்கக் கட்டையைத் தாண்டினால் ஏணி பக்கவாட்டில் சாயும்.

6. வாளியையும் பிரஷையும் கையில் பிடித்து ஏறாதீர்கள். கயிற்றில் கட்டி மேலே இழுத்துக்கொள்ளலாம்.

7. மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏணியைத் தூக்குங்கள். மின்கம்பி பக்கம் என்றால் மின்துறையில் சொல்லி நிறுத்தச் சொல்லுங்கள்.

8. சாரமானாலும் ஏணியானாலும் நேற்றுக் கட்டிய கயிற்றை இன்று நம்பாதீர்கள். நனைந்து காய்ந்த கயிறு தளரும். நைலான் கயிற்றில் முடிச்சு வழுக்கும், வெயிலில் இழை கெடும்.

முடிவாக...

தேன் ஏணிக்கு மனைவியோ மைத்துனனோ காவல் இருந்தார்கள். சாரத்துக்குக் கட்டியவரே பொறுப்பு. ஆலைக்கும் பெரிய கட்டிடத்துக்கும் சட்டம் வந்தது, அதுவும் உயிர்கள் போனபிறகு வந்தது. நம் வீட்டுச் சுவரில் சார்த்திய ஏணிக்கு மட்டும் இன்னும் யாருமில்லை. ஏறுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது நாம். கட்ட இடம் காட்ட வேண்டியதும், கயிறு எடுத்துக் கொடுக்க வேண்டியதும், இன்னொரு ஆள் கூலி கூடுதலாகும் என்று யோசிக்காமல் இருக்க வேண்டியதும் நாம்தான்.

அடுத்த முறை பெயிண்டர் அண்ணன் வந்து ஏணியைச் சார்த்தும்போது, ஒரு டீ கொடுப்பதோடு நிறுத்தாமல் "அண்ணே, மேல கட்டிட்டிங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் கட்டும்வரை ஏணியின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.